தோட்டத்துப் பேய்களும் நம் கேள்விகளும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு பேய்க்கதை சொல்வார்கள். மலையடி நிரையில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் நிற்பாள் என்பார் ஒருவர். பாழடைந்த தோட்ட ஆஸ்பத்திரியில் இரவில் முனகல் கேட்கும் என்பார் இன்னொருவர். பாலத்தடியில் தலையில்லாத ஜப்பான் சிப்பாய் நடப்பான் என்பார் மூன்றாமவர். லயங்கள் இடிந்தன, பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. ஆனால் இந்தக் கதைகள் மட்டும் போகவில்லை. நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டன.

பேய் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் பயந்தவர் பயம் தீர்வதில்லை. ஆகவே நம் வீடுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் சில கேள்விகளை இன்று எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு நம்முடைய சொந்தச் சரித்திரம் என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: ஏன் எல்லாத் தோட்டங்களிலும் பேய்க்கதை இருக்கிறது?

இதற்கு விடை தேட, தோட்டங்கள் உண்டான காலத்துக்குப் போக வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு உலகச் சந்தையில் பெரும் கிராக்கி ஏற்பட்டது. காடுகள் வெட்டப்பட்டு எரிக்கப்பட்டன. கங்காணிமார்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த சில மாதங்களிலேயே குளிர்காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப் போடும். கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு நெருப்பாய்க் காயும். ஒரே லயத்தில் வரிசையாக ஆட்கள் படுத்தார்கள். பலர் எழவில்லை.

காட்டை வெட்டியதால் அங்கே குடியிருந்த தெய்வம் கோபித்துக்கொண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். இதனைக் கேட்டு நாம் சிரிக்கலாகாது. ஏனென்றால் அவர்கள் கவனித்தது முற்றிலும் சரி. காட்டை வெட்டிய பிறகுதான் காய்ச்சல் வந்தது. காரணம் மட்டுமே வேறு.

1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் வளர்வதைக் கண்டார். 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களில் அங்கே வேலை செய்தவர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டச் சொன்னார். கரையோரப் புதர்க் காட்டை அகற்றச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் 582 பேர் இறந்திருந்தார்கள். 1902-இல் அந்த எண்ணிக்கை 144 ஆகக் குறைந்தது. எந்தப் பேயும் விரட்டப்படவில்லை. வாய்க்கால்தான் வெட்டப்பட்டது.

மலையடித் தோட்டங்களில் கதை வேறு விதம். அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு சதுப்பில் வளர்வதில்லை. வெயில் படுகின்ற தெளிந்த நீரோடையில்தான் முட்டையிடும். அடர்ந்த காடு நிழல் தரும்வரை அந்த ஓடையில் அது பெருகுவதில்லை. மரத்தை வெட்டினால் வெயில் நீரில் விழும், கொசு பெருகும், பக்கத்து லயத்தில் காய்ச்சல் பரவும். ஓடையைத் தெளிநீர் என்று நம்பி அதன் கரையிலேயே லயம் கட்டினார்கள். அந்த நீர்க்கரையே எமனாயிற்று. பிறகு ஓடைகளை நிலத்துக்கடியில் குழாய் வழியே ஓடவிட்டும், தேங்கும் நீரில் எண்ணெய் தெளித்தும், கொயினா மருந்து கொடுத்தும் நோயைக் கட்டுப்படுத்தினார்கள். காலையில் வாளியும் தெளிப்பானுமாக ஓடை ஓரம் நடந்த எண்ணெய்க்காரரைப் பெரியவர்கள் பலர் நினைவு வைத்திருப்பார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு விடை தெரிகிறது. மலையடி நிரையில் பேய் நிற்கிறது என்றால், அங்கே ஒரு காலத்தில் நம்மவர்கள் செத்திருக்கக்கூடும். அந்தச் சாவுக்குக் காரணம் சொல்ல யாரும் இல்லாதபோது பேய்க்கதை அந்த வேலையைச் செய்தது.

இரண்டாவது கேள்வி: பிரசவத்தில் இறந்த பெண் பேயாக வருவாளா?

மலாய் மக்கள் பொந்தியானாக் என்று ஒரு பேயைச் சொல்வார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே அப்படி அலைவதாக நம்பிக்கை. நம்மவர்களிடமும் சூலியோடு செத்தவளைப் பற்றிய அச்சம் உண்டு. நீண்ட கூந்தலும் வெள்ளை உடையுமாக இன்று நம் பிள்ளைகள் மனத்தில் நிற்கும் உருவத்தில் சினிமாவுக்கும் பங்குண்டு. 1957-இல் சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதனை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். அதன் பின் அதே பெயரில் படங்கள் தொடர்ந்து வந்தன.

சினிமா இருக்கட்டும். இந்தப் பயத்தின் அடியில் இருந்தது என்ன? பிரசவத்தில் பெண்கள் சாவது அந்நாளில் அடிக்கடி நடந்தது. காய்ச்சலால் இரத்தம் வற்றிப்போன உடம்பு. வயிற்றில் பிள்ளையோடு பால் வெட்டப் போன உழைப்பு. கைதேர்ந்த மருத்துவச்சி இல்லாத லயம். சுதந்திரத்துக்குப் பின் பயிற்சி பெற்ற தாதிகளும் மருத்துவச்சிகளும் நாட்டுப்புறங்களில் பெருகியபோது பிரசவச் சாவு பெரிதும் குறைந்தது.

நம் முன்னோர் ஊரில் இன்னொரு வழக்கம் இருந்தது. கர்ப்பத்தோடு ஒரு பெண் இறந்துவிட்டால், அவள் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன் மேல் இறக்கி இளைப்பாறலாம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள் பெயரால் ஊரார் சுமை இறங்கட்டும் என்பது கருத்து. இன்றும் தமிழ்நாட்டில் சில சாலைகளில் அத்தகைய கற்கள் நிற்கின்றன. இறந்தவளைப் பார்த்து நடுங்குவது ஒரு வழி. அவள் பெயரால் வழிப்போக்கனுக்கு உதவுவது இன்னொரு வழி. இரண்டும் நம்மவர் வழிதான். எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சடங்கு செய்யாமல் போனவர்கள் அலைவார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் மூதாட்டிகளின் மனத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: சயாம். 1942-இன் நடுவில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப் பாதை போடத் தொடங்கினார்கள். சுமார் 415 கிலோமீட்டர் நீளம். காடும் மலையும் ஆறும் குறுக்கிட்ட வழி. 1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிப் போனார்கள். பலர் வழியிலும் லயத்திலும் வைத்துப் பிடித்து ஏற்றப்பட்டார்கள். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே காலரா பரவியது. பசி, அடி, மலேரியா, காலில் புண், அதன் மேல் காலரா. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர்.

நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லும் கல் இல்லை. குழியில் சேர்த்துப் புதைத்தார்கள். அல்லது மூங்கிலோடு சேர்த்து எரித்தார்கள். வீட்டுக்குச் சாவுச் செய்தியும் வரவில்லை. செத்த தேதி தெரியாததால் திதி கொடுக்க முடியவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இரவு நாய் குரைத்தால் என்ன தோன்றும்? வாசலில் யாரோ நிற்பதாகத்தான் தோன்றும்.

சடங்கு இல்லாமல் போனவர்கள் அலைகிறார்களா என்பதைச் சமயப் பெரியவர்கள் தத்தம் நெறிப்படி சொல்லட்டும். சரித்திரம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. முடியாமல் நின்றுபோன துக்கம் தலைமுறை தாண்டியும் வீட்டுக்குள் அலையும். சீன மக்கள் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், கவனிக்க உற்றார் இல்லாத ஆவிகளுக்கும் தெருவோரத்தில் உணவு படைப்பார்கள். பக்கத்து வீட்டாரின் அந்த வழக்கத்திலும் இதே மனித உணர்வைக் காணலாம்: யாருமில்லாமல் போனவரை யாராவது நினைக்க வேண்டும். தேதி தெரியாவிட்டால் என்ன? ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு விளக்கேற்றி, அவர் பெயரைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லலாம். பயம் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நினைவாக மாறும்.

நான்காவது கேள்வி: கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் பொய்யா?

பொய் அல்ல. கண்டது உண்மை, கேட்டதும் உண்மை. அது என்ன என்பதில்தான் தவறு நேர்கிறது.

கூரையின் மேல் கல் விழுகிறது, வெளியே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. இது பால்மரத் தோட்டங்களில் பலர் சொன்ன கதை. ரப்பர் காய் முற்றிக் காய்ந்ததும் படீரென வெடித்து விதைகளைத் தூர எறியும். மரத்தை விட்டுப் பல அடி தள்ளிக்கூட விதை வந்து விழும். இரவின் அமைதியில் தகரக் கூரையில் அது விழுந்து உருண்டால் கல்லெறி போலவே கேட்கும். பகலில் வெயிலில் விரிந்த தகரம் இரவுக் குளிரில் சுருங்கும்போதும் 'டக் டக்' என்று ஓசை எழும்.

மரங்களுக்கிடையே தரையைத் தொடாமல் ஒரு வெளிச்சம் அசைகிறது. பொழுது புலருமுன் குளிரில் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே வெட்டப் போனவர்கள் உண்டு. நெற்றியில் கட்டிய விளக்கு மரத்துக்கு மரம் தாவும், ஆள் தெரியாது. கொள்ளிவாய்ப் பேய் நடக்கிறது என்று தூரத்தில் நிற்பவர் சொல்வார். அங்கே நம் அக்காவோ அத்தையோ பிழைப்புக்காக மரம் வெட்டிக்கொண்டிருப்பார். மின்மினிகளும், காட்டில் மக்கிய மரத்தில் முளைத்து இருட்டில் ஒளிரும் சில காளான்களும் இத்தகைய மயக்கத்தை உண்டாக்கும்.

தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்குகிறது, கண் திறந்திருக்கிறது, கையை அசைக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. இதனை நாம் அமுக்குவான் என்கிறோம். மலாய் மக்களும் 'ஹந்து திண்டே' என்று அமுக்கும் பேயைச் சொல்கிறார்கள். ஜப்பானியர் இதனைக் 'கனாஷிபாரி' என்கிறார்கள். ஒரே அனுபவம் பல நாடுகளில் இருப்பதே இது உடம்பின் வேலை என்பதைக் காட்டுகிறது. நாம் கனவு காணும் நேரத்தில் கைகால்கள் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் உடம்பு விடுபடுமுன் மனம் விழித்துக்கொள்கிறது. பாதிக் கனவு, பாதி விழிப்பு. ஒழுங்கற்ற தூக்கமும் அதிகக் களைப்பும் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்கிறவர்கள் இதனை அறிவார்கள். சிறிது நேரத்தில் தானே விட்டுவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லலாம்.

ஐந்தாவது கேள்வி: பேய் பிடித்தவரை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நாம் மிகவும் கவனமாக விடை சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

மலேரியா மூளையைத் தாக்கும்போது நோயாளி பிதற்றுவார், ஆட்களை அடையாளம் தெரியாது, வலிப்பு வரும், பிறகு நினைவு தவறும். பார்ப்பவர்களுக்கு வேறு யாரோ உள்ளே புகுந்து பேசுவது போலிருக்கும். வேப்பிலை அடித்தும் கயிறு கட்டியும் காத்திருந்த அந்த ஓரிரவில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அது பெற்றவர்கள் குற்றமன்று. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலம் அது. இன்று அந்த நிலை இல்லை. 1967-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பயனாக நோய் படிப்படியாகக் குறைந்து, 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் பழைய மலேரியா மலேசியாவுக்குள் புதிதாகத் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் ஒரு வகை மலேரியா இருக்கிறது. அது இயற்கையாகவே மனிதருக்குத் தொற்றியது முதன்முதலில் 1965-இல் பகாங்கில் அறியப்பட்டது. இன்று சபாவிலும் சரவாக்கிலும் அது மிகுதி; தீபகற்பத்திலும் காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களைத் தொற்றுகிறது. டெங்கியும் இருக்கிறது. ஆகவே காய்ச்சலோடு பிதற்றலோ வலிப்போ கண்டால் முதலில் ஆஸ்பத்திரி. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை; அது இரண்டாவதாக இருக்கட்டும்.

காய்ச்சல் இல்லாமலும் சிலர் 'ஆடுவது' உண்டு. 1970-களில் புதிதாக எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் கம்பத்துப் பெண்கள் திடீரெனக் கூச்சலிட்டு, பேயைக் கண்டதாகச் சொல்லி மயங்கி விழுந்தார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவரும் விழ, வேலையே நின்றதுண்டு. இதனைச் சிலாங்கூரில் ஆராய்ந்த ஐவா ஓங் என்னும் மானிடவியல் அறிஞர் 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓயாத வேலை, கடுமையான கண்காணிப்பு, வாய்திறந்து சொல்ல முடியாத அவமானம் ஆகியவற்றுக்கு எதிரான குரலே அவ்வாறு வெளிப்பட்டது என்பது அவர் முடிவு. நம் லயங்களில் சாமி வந்தும் பேய் பிடித்தும் ஆடிய பெண்களை நினைத்துப் பாருங்கள். குடிகாரப் புருஷனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பறிபோன பிள்ளையைப் பற்றி அவர்கள் அப்போதுதானே பேச முடிந்தது? அந்தப் பெண்ணை அடிப்பதால் பயனில்லை. அவள் என்ன சொன்னாள் என்று கேட்பதே மருந்தின் தொடக்கம்.

கடைசிக் கேள்வி: அப்படியானால் எல்லைக் காவல் முனியாண்டியும் பொய்யா?

அப்படி நாம் சொல்லவில்லை. கடல் கடந்து, காட்டுக்குள், காய்ச்சலுக்கு நடுவில் வந்து இறங்கியவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்று கும்பிட்டார்கள். இரவில் லயத்துக்கும் காட்டுக்கும் நடுவில் யாரோ காவல் இருக்கிறார் என்ற தைரியத்தில் தூங்கினார்கள். மறுநாள் வேலைக்கு எழுந்தார்கள். அந்த நம்பிக்கை அவர்களை நிமிர்ந்து நிற்க வைத்தது. நிமிர வைப்பது வேறு. நடுங்க வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை வைத்தே எதனைக் காப்பது, எதனை விடுவது என்று நாம் தீர்மானிக்கலாம்.

நேயர்களே, நம் தோட்டங்களின் சரித்திரத்தைக் கம்பெனிகள் பால் கணக்காகவும் பங்கு லாபமாகவும் எழுதி வைத்தன. செத்தவர்களின் கணக்கைப் பாட்டிமார்கள் பேய்க்கதையாகச் சொல்லி வைத்தார்கள். ஆகவே அடுத்த முறை வீட்டில் யாராவது பேய்க்கதை சொன்னால், சிரிக்கவும் வேண்டாம், பயந்து போர்வைக்குள் ஒளியவும் வேண்டாம். "அங்கே இறந்தவர் யார் பாட்டி? என்ன பெயர்? எந்த ஊர்? எதனால் இறந்தார்?" என்று கேளுங்கள். பாட்டி சொல்லும் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய தோட்டத்துச் சுடுகாடு இன்னும் இருக்குமானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய்ப் புல்லைச் செதுக்கிவிட்டு வாருங்கள். பகலில் போய்ப் புல் செதுக்கிய இடத்தைப் பற்றி இரவில் பயம் வருவது அரிது.

அங்கே படுத்திருப்பவர்கள் அந்நியர் அல்லர். காட்டை வெட்டி, ஓடையைக் கடந்து, நமக்காக வழி போட்டவர்கள் அவர்கள்.